வைரஸ் படிக்க வரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் வைரஸைக் காட்டாதீர்கள்

என்னிடம் பிஎச்.டி. முடித்துப் போனவர்கள் ஏழு பேர். பாதியில் விட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி கல்யாணமாகி துபாய் போய்விட்டாள். இன்னொருவன் போனதற்குக் காரணம் நான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

புதிதாகப் பிஎச்.டி. கைடு (ஆய்வு வழிகாட்டி) அங்கீகாரம் வாங்கிய உதவிப் பேராசிரியர்கள் இரண்டு பேர் போன மாதம் வந்து, "ஸ்காலர்ஸை எப்படி மேடம் ட்ரெயின் பண்றீங்க?" என்று கேட்டார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அதனால் எழுதுகிறேன். எங்களுடையது வடசென்னையில் பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் இருக்கும் சின்ன லேப். டெங்கு, சிக்குன்குனியா இரண்டும்தான் பிழைப்பு. கோடிக்கணக்கில் கருவி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

உதவிப் பேராசிரியருக்கு நான்கு ஸ்காலர், இணைப் பேராசிரியருக்கு ஆறு, பேராசிரியருக்கு எட்டு என்று யு.ஜி.சி. விதி வைத்திருக்கிறது. நான்கு இடம் இருக்கிறதே என்று நான்கையும் ஒரே வருஷத்தில் நிரப்பாதீர்கள். நான்கு பேரும் ஒரே நாளில், செல்லையும் வைரஸையும் கையாளும் கண்ணாடிக் கூண்டான ஒரே ஹூடுக்கு முன்னால் நிற்பார்கள். ஒருவர் முடிக்கும் தறுவாயில் ஒருவர், நடுவில் ஒருவர், புதிதாக ஒருவர் என்று இருந்தால்தான் கை மாற்றிக் கை வேலை போகும்.

நெட் தேர்வு ரேங்க்கை நான் பார்ப்பேன், ஆனால் அதிலேயே நிற்க மாட்டேன். நேர்காணலில் ஒரே கேள்வி: "எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் உனக்கு வராமல் போனது எது?" எல்லாமே நன்றாக வந்தது மேடம் என்று சொல்பவரை நான் எடுப்பதில்லை. மூன்று மாதப் புராஜெக்ட்டில் எல்லாம் வந்தது என்றால், ஒன்று வேலை செய்யவில்லை, இல்லையென்றால் வேறு யாரோ செய்து கொடுத்திருக்கிறார்கள். "ஜெல்லில் பேண்டே வரல, மூணு வாட்டி ஓட்டினேன், அப்புறம்தான் பஃபர் பழசுன்னு தெரிஞ்சுது" என்று ஒரு பெண் சொன்னாள். அன்றே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுவார், அம்மா காசிமேட்டில் மீன் விற்பார். அந்த வீட்டில் "இன்னும் எத்தினி வருசம் படிப்ப?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். சேரும்போதே பெற்றோரை ஒரு முறை வரச் சொல்லி நானே கணக்குச் சொல்லிவிடுவேன். விதிப்படி குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. எங்கள் வேலைக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை இருந்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து வந்த தொகை. ஆனால் ஒன்றாம் தேதி வரும் சம்பளம் போல வராது. சில சமயம் மாதக்கணக்கில் காக்கவைத்து மொத்தமாக வரும். இதை நம்பி சீட்டுப் போடாதீர்கள், நகைக்கடனுக்குத் தவணை கட்டாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்வேன். இப்படிச் சொன்ன வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் யாரும் பணத்துக்காக நடுவில் நின்றதில்லை.

வைரஸ் இல்லாத மூன்று மாதம்

சேர்ந்த முதல் வாரமே டெங்கு வேண்டும் என்பார்கள். கொடுக்காதீர்கள். முதலில் செல் வளர்க்கட்டும். வீரோ செல்தான் எங்கள் ஆரம்பப் பள்ளிக்கூடம். 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் காலையில் வந்ததும் ஃபிளாஸ்க்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, பார்த்ததைப் பென்சிலால் வரைய வேண்டும். போட்டோ எடுத்தால் போதாதா மேடம் என்று எல்லாரும் கேட்பார்கள். போட்டோ எடுக்கிறவர் பார்ப்பதில்லை. வரைகிறவருக்குத்தான் "இந்த ஓரத்துல மட்டும் செல்லு உருண்டையா இருக்கே" என்று தோன்றும். நல்ல செல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகாதவர், வைரஸ் போட்ட பிறகு செத்ததையும் பட்டினியில் செத்ததையும் ஒன்றாகவே எழுதுவார்.

ஒரே ஃபிளாஸ்க்கில் இருக்கும் செல்லை மூன்று பேர் தனித்தனியாக எண்ணிக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, ஒன்றாகப் பிரித்துப் பார்ப்பது இன்னொரு பயிற்சி. முதல் தடவை ஒருவர் எண்ணிக்கை இன்னொருவருடையதைவிட இரண்டு மடங்கு இருக்கும். சிரிப்பார்கள். நான்காவது வாரத்தில் சிரிப்பு நின்று, யார் சரியாகக் கலக்கவில்லை என்ற சண்டை வரும். அந்தச் சண்டை வந்தால் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பாதுகாப்புக்கு ஒரு மலிவான வழி: சொட்டு நீலம். கடையில் ஒரு பாட்டில் வாங்கி, தண்ணீரில் கெட்டியாகக் கலந்து, இதுதான் வைரஸ் என்று கையில் கொடுங்கள். ஹூடுக்குள் வெள்ளைத் தாள் விரித்து, வெள்ளை கோட், வெளிர் நிறக் கையுறை போட்டு, 96 குழித் தட்டில் முழு நீர்த்தல் வரிசையையும் செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் தாளில் எத்தனை நீலப் பொட்டு, கைமுட்டியில் எத்தனை, கதவுப் பிடியில் எத்தனை என்று எண்ண வேண்டும். ஒரு பையனுக்குக் காதுக்குப் பின்னால் நீலம் இருந்தது. அரிப்பெடுத்ததாம். தாளில் ஒரு பொட்டும் இல்லாமல் தொடர்ந்து மூன்று நாள் செய்த பிறகுதான் அடுத்த கட்டம்.

அடுத்த கட்டமும் டெங்கு இல்லை, கால்வாய். வியாசர்பாடிப் பக்கம் கேப்டன் காட்டன் கால்வாயைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோமே, அதிலிருந்து கையுறை போட்டு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர். கசடு படிந்த பிறகு சுழற்றி, 0.22 மைக்ரான் ஃபில்டரில் தள்ளினால் பாக்டீரியா நின்றுவிடும். அதைவிடச் சிறியது இந்தப் பக்கம் வரும். நோய் உண்டாக்காத லேப் வகை ஈ. கோலை பாக்டீரியாவை மென்மையான அகாரில் கலந்து, வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் சேர்த்துத் தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் ராத்திரி வைத்துவிட்டுப் போகலாம். காலையில் பாக்டீரியா பாய் விரித்தது போல் வளர்ந்திருக்கும். நடுநடுவே தெளிவான ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொரு ஓட்டையும் ஒற்றை ஃபேஜ் வைரஸிலிருந்து தொடங்கியது. பாக்டீரியாவைத் தின்னும் இந்த வைரஸுக்கு டெரெல் 1917இல் பெயர் வைத்தார். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, செலவு சில நூறு ரூபாய், ஒரே ராத்திரியில் விடை. தன் தெருப் பக்கத்துச் சாக்கடையிலிருந்து தானே பிடித்த வைரஸை முதல் தடவை பார்க்கும் முகத்தை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், அலுக்கவில்லை.

இந்த ஓட்டைக்கு லேப்பில் பிளாக் என்று பெயர். எலி கொண்டுவரும் பிளேக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் அட்டெண்டர் அண்ணன் ரொம்ப நாள் குழப்பிக்கொண்டு, தட்டு கழுவ மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

பயறு வைத்துக் கணக்கு

நான் பார்த்தவரை பிள்ளைகள் தடுக்கி விழுவது கணக்கில்தான். நூறு செல்லுக்கு நூறு வைரஸ் போட்டால் எல்லாச் செல்லுக்கும் ஒன்று கிடைக்கும் என்று எம்.எஸ்சி. கோல்டு மெடலிஸ்ட்டும் நினைக்கிறார். மாடிப்படி அடியில் சாக்பீஸால் பத்துக்குப் பத்து கட்டம் போடுவோம். நூறு பச்சைப்பயறை ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும். கட்டத்துக்கு வெளியே விழுந்ததை எடுத்து மறுபடி போட வேண்டும். கடைசியில் எண்ணினால் சுமார் 37 கட்டம் காலியாக இருக்கும். சிலவற்றில் மூன்று, நான்கு பயறு குவிந்திருக்கும். ஒருவர் போட்டதில் 34, இன்னொருவர் போட்டதில் 41 என்று வரும்; ஐந்தாறு பேர் போட்டுச் சராசரி எடுத்தால் 37க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு, எத்தனை கட்டம் காலியாக இருக்கும் என்று சொல்லும் பாய்சான் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினால் யாரும் கொட்டாவி விடுவதில்லை. 99 சதவீதச் செல்லுக்கு வைரஸ் சேர வேண்டும் என்றால் செல்லுக்கு ஐந்து வீதம் போட வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பிளாக் கணக்கையும் மனதிலேயே போடத் தெரிய வேண்டும். பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்ததில் 0.2 மில்லி போட்டு 42 ஓட்டை வந்தால், மில்லிக்கு எத்தனை? 42ஐ 0.2ஆல் வகுத்தால் 210. பத்தாயிரத்தால் பெருக்கினால் 21 லட்சம். எக்ஸெல்லில் மட்டும் போடுகிறவர் ஒரு சைபர் தவறினாலும் கவனிக்க மாட்டார்.

நாட்காட்டியும் கணக்குதான். டெங்குவுக்குப் பிளாக் தெரிய ஐந்து முதல் ஏழு நாள், சிக்குன்குனியாவுக்கு இரண்டு மூன்று நாள். திங்கள்கிழமை டெங்கு போட்டால் அடுத்த திங்களில் சாயம் ஏற்றலாம். வெள்ளிக்கிழமை சிக்குன்குனியா போட்டவர் ஞாயிறு, திங்கள் என்று ஊசலாடுவார். நேரமும் அப்படியே. எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து வரும் பெண்பிள்ளைகள் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ராத்திரியில் வீடு போக வேண்டும். வைரஸ் எவ்வளவு பெருகியது என்று சில மணிக்கு ஒரு முறை மாதிரி எடுத்து வரையும் 24 மணி நேர வளர்ச்சிக் கோட்டில் ராத்திரி இரண்டு மணிப் புள்ளி வருகிறதென்றால், தொற்று ஏற்றும் நேரத்தை மாற்றுங்கள். இரண்டு தொகுதி வைத்து, ஒன்றைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் தொடங்கினால் எல்லாப் புள்ளிகளும் பகலுக்குள் வந்துவிடும். ராத்திரி தங்குவதை அர்ப்பணிப்பு என்று புகழும் கைடுகளை எனக்குத் தெரியும். நான் அதைத் திட்டமிடத் தெரியாமை என்பேன்.

நான் விட்ட பையன்

இப்போது அந்தக் கதை. நல்ல கை உள்ள பையன். இரண்டாம் வருஷத்தில் அவனுடைய டெங்கு டைட்டர், அதாவது மில்லிக்கு எத்தனை வைரஸ் என்ற கணக்கு, திடீரென்று பத்து மடங்கு குறைந்தது. "உன் கை சரியில்ல, கவனமா செய்" என்றேன். மறுபடியும் குறைந்தது. எல்லார் முன்னாலும் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து அழகான கோடுகள் வர ஆரம்பித்தன. எனக்குச் சந்தோஷம். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது.

பிறகு வேறொரு மாணவி ஏதோ காரணத்துக்காக அதே செல்லுக்கு டி.என்.ஏ. சாயம் ஏற்றினாள். கரு மட்டும் ஒளிர வேண்டிய இடத்தில், கருவைச் சுற்றிலும் கடுகு சிதறியது போலப் புள்ளிகள். மைக்கோபிளாஸ்மா என்ற குட்டி பாக்டீரியா. அதற்குச் செல் சுவர் கிடையாது, அதனால் பென்சிலின் வேலை செய்யாது. மீடியா கலங்காது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. செல் சாகாமல், ஆனால் செல் செய்கிற எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டு கூடவே குடியிருக்கும். வேறொரு லேப் நட்பாகக் கொடுத்த ஃபிளாஸ்க்கில் வந்தது. சோதிக்காமல், செல் வளர்க்கும் சூட்டுப்பெட்டியான இன்குபேட்டருக்குள் வைக்கச் சொன்னது நான்.

அவனுடைய நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். குறைவாக வந்த தட்டுகள் எதுவும் நோட்டில் இல்லை. செய்திருக்கிறான், எண்ணியிருக்கிறான், எனக்குப் பயந்து எழுதவில்லை. நன்றாக வந்தவற்றை மட்டும் எழுதியிருந்தான். செல் அவனுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நான்தான் அதைச் சொல்ல முடியாத இடமாக லேப்பை வைத்திருந்தேன். பதினான்கு மாத வேலை, கழிவை நீராவியில் வேகவைத்துக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போனது. அவனும் போய்விட்டான். இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான். அதைப் படிக்கும்போது எனக்குக் கூசும்.

அதற்குப் பிறகு மாற்றியவை இவை. வெளியிலிருந்து வரும் செல் தனி இன்குபேட்டரில், இரண்டு முறை சோதித்துச் சுத்தம் என்று தெரியும்வரை வெளியே வராது. மாதம் ஒரு முறை எல்லா செல்லுக்கும் மைக்கோபிளாஸ்மா பி.சி.ஆர். சோதனை. ஹூடுக்கு முன்னால் பேச்சு கிடையாது, ஏனென்றால் அதில் ஒரு வகை நம் வாயிலேயே இருக்கிறது. நோட்டில் பக்க எண் அச்சிட்டிருக்கும், கிழிக்க முடியாது, முடிவுகளைப் பென்சிலால் எழுதக் கூடாது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்த வாரம் வராதவற்றைத்தான் முதலில் பேசுவோம், அதிலும் முதலில் நான். என் கிராண்ட் விண்ணப்பம் திரும்பி வந்தது, நான் மறந்துபோய் வெளியே வைத்த என்சைம், எல்லாம் சொல்வேன். ஆரம்பத்தில் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாதம் ஒரு பெண் எழுந்து, "மேடம், என் பி.சி.ஆர்.ல தண்ணி மட்டும் வெச்ச ட்யூபும் பாசிட்டிவ் காட்டுது. முந்தாநேத்தே தெரியும்" என்றாள். முந்தாநேத்தே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது, விழுங்கிக்கொண்டேன். "எந்த ட்யூப்லேர்ந்து போயிருக்கும்னு தேடலாம், வா" என்றேன். இந்த விழுங்கல்தான் கைடுக்கு வேண்டிய பயிற்சி.

வார்டும் ஐஸ் பெட்டியும்

ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளிடம் ரத்தம் எடுக்கும் முன் எத்திக்ஸ் கமிட்டி, பயோசேஃப்டி கமிட்டி இரண்டுக்கும் விண்ணப்பத்தை மாணவரே எழுதட்டும். ஆறு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். அதில் சொல்ல வேறெதுவும் இல்லை. ஒப்புதல் படிவத்தில்தான் நிறைய இருக்கிறது.

"ஆய்வின் பொருட்டுக் குருதி மாதிரி சேகரிக்கப்படும்" என்று தமிழில் எழுதிவிட்டால் நோயாளிக்குப் புரிந்துவிடும் என்று நினைக்கிறோம். வார்டில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மா கேட்பது வேறு: "இன்னாத்துக்கும்மா இன்னொரு வாட்டி ரத்தம் எடுக்குற? காலைலதான எடுத்தாங்க?" மாணவருக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். "அக்கா, காலைல எடுத்தது வைத்தியத்துக்கு. இது எங்க ஆராய்ச்சிக்கு. வேணாம்னு நீங்க சொன்னாலும் பாப்பாவுக்குப் பாக்குற வைத்தியத்துல ஒண்ணும் கொறையாது." இப்படி நேராகச் சொல்லப் பத்து நாள் ஒத்திகை வேண்டும். முதலில் சொந்தப் பாட்டியிடம் சொல்லிக் காட்டச் சொல்வேன். அம்மை என்றால் வேப்பிலை, பொன்னுக்கு வீங்கி என்றால் கழுத்தில் சங்கிலி என்று வளர்ந்த பாட்டிக்கு, வைரஸ் என்றால் என்ன என்று அவரைக் கேலி செய்யாமல் விளக்க முடிந்தால் வார்டுக்கு அனுப்பலாம்.

இந்த இடத்தில் ஒரு கதையைத் தவறாமல் சொல்வேன். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற முதுநிலை மாணவி, நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து ரத்தம் சேர்த்தார். சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குப் போனார். அங்கே சோதித்ததில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது பாசிட்டிவ். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் தெரிந்தது அப்படித்தான், ஒரு மாணவியின் ஆய்வேட்டு வேலையில். கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். உடனே அடுத்ததையும் சொல்வேன்: எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்றைக்கு அதே வேலையை எப்படிச் செய்வாய், எழுதிக் கொண்டுவா. அந்த வாரத்துக்கு வீட்டுப்பாடம் அதுதான்.

ஐஸ் விஷயத்தில் எனக்குப் பரம்பரைப் பெருமை உண்டு. அப்பா காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை செய்தவர். "பொட்டிய தொறந்து தொறந்து பாத்தினா மீனு இருக்காது கண்ணு, தண்ணிதான் இருக்கும்" என்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தண்ணீர் நின்று மின்சாரம் போனபோது, மைனஸ் 80 ஃபிரீசரைத் திறக்காமல் காத்தது அந்தப் பேச்சுதான். கதவில் டேப் ஒட்டி, தொடாதே என்று எழுதி, ஜெனரேட்டர் வந்த பிறகுதான் பிரித்தோம். ஆர்.என்.ஏ. உருகி உறைந்து உருகினால் வீணாகிவிடும். ஆகவே மாதிரி வந்த அன்றே சின்னச் சின்ன வயலாக (மூடி போட்ட குட்டிக் குப்பி) பிரித்துவிட வேண்டும். உலர் பனிக்கட்டி காரில் ஏற்றினால் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும், கரியமில வாயு தேங்கும். இவையெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை.

எழுத்தும் பிழைப்பும்

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் ஆங்கிலக் கட்டுரை என்றதும் வேறு யாரோ எழுதிய வாக்கியத்தை ஒட்டுவார்கள். திருட்டு எண்ணம் இல்லை, பயம். முதலில் கண்டுபிடித்ததை ஆறு வரித் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் ஆறு வரி வரவில்லை என்றால் பிரச்சினை ஆங்கிலத்தில் இல்லை, இன்னும் புரியவில்லை. வந்துவிட்டால் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம்.

2022 விதிகளின்படி ஆய்வேடு கொடுக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதை நம்பி விட்டுவிடாதீர்கள். கட்டுரை இல்லாமல், பிஎச்.டி.க்குப் பிந்தைய போஸ்ட்டாக் ஆய்வு வேலை கேட்டால் யாரும் பதில் போட மாட்டார்கள். பணம் கொடுத்தால் பத்து நாளில் போடும் பத்திரிகைகள் பக்கம் போகவே வேண்டாம். பெயர் வரிசையைச் சோதனை தொடங்கும் முன்பே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

எல்லாரும் பேராசிரியர் ஆகப்போவதில்லை. என் ஏழு பேரில் கல்லூரியில் இருப்பவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் ஐ.சி.எம்.ஆரின் வைரஸ் கண்டறியும் லேப்களிலும், ஹைதராபாத், புனே தடுப்பூசிக் கம்பெனிகளிலும், ஒருவர் வெளிநாட்டிலும். அதனால் நான்காம் வருஷத்தில் ஒவ்வொருவரும் சில வேலைகளைச் செய்தே ஆக வேண்டும். என்னிடம் மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரை ஒன்றைப் பத்திரிகையின் அனுமதியோடு என்னுடன் சேர்ந்து மதிப்பிட வேண்டும். ஒரு கிராண்டுக்கான பட்ஜெட்டை, கையுறை விலை முதல் கழிவு அகற்றும் செலவு வரை, கடைகளில் கொட்டேஷன் வாங்கித் தயாரிக்க வேண்டும். ஒரு பி.எஸ்சி. தொகுதிக்குக் கால்வாய் ஃபேஜ் பாடத்தை நடத்த வேண்டும். கம்பெனி நேர்காணலுக்குப் போய்வந்த பெண் சொன்னாள், ஆய்வேட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்களாம், மீதி எல்லாம் பட்ஜெட்டும் பதிவேடும்தான்.

வைவா முடிந்து, சால்வை போட்டு, போட்டோ எடுத்த பிறகும் ஒரு நாள் வேலை பாக்கி இருக்கும். ஃபிரீசர் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் அவரும் அடுத்து வரும் ஜூனியரும் மூன்று பேராக நிற்போம். பெட்டி எண், வரிசை, வயல், பாசேஜ் எண் (எத்தனை முறை மாற்றி வளர்த்தது), தேதி. ஜூனியர் படிப்பார், சீனியர் எடுத்துக் காட்டுவார், நான் டிக் போடுவேன், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கதவை மூடுவோம். பேர் அழிந்துபோன வயல் எதுவானாலும், எவ்வளவு கெஞ்சினாலும், சிவப்பு டப்பாவில் போட்டு ஆட்டோகிளேவுக்கு.